ஆன்டிபாடி 2,500 இருந்தும் கொரோனா ஏன் வந்தது?

சென்ற இதழில் பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றி எழுதினேன். நிமோனியா, ஃப்ளூ, அக்கி என்று விரிவாகப் போய்விட்டு கொரோனாவுக்குச் சில வரிகள் மட்டும் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தச் சில வரிகளைப் பிடித்துக்கொண்டவைதான். அதனால் இந்த முறை முழுக்க ஒரே விஷயம்: தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகள், அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதங்கள், புதுத் திரிபுகளை (உருமாறிய வைரஸ் வகைகளை) சந்திக்கும்போது என்ன நடக்கிறது? மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் தட்டம்மை, போலியோ ஆன்டிபாடிகளை அளப்பதே என் வேலையாக இருந்தது. எனவே சோதனைச் சாலை விவரங்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கேள்வி: 2021இல் இரண்டு டோஸ் கோவிஷீல்டு, 2022இல் பூஸ்டர். போன மார்ச்சில் ஒரு லேபின் முழு உடல் பரிசோதனையில் கொரோனா ஆன்டிபாடியும் பார்த்தார்கள். '2,500க்கு மேல்' என்று வந்தது. 'இனி உங்களுக்குக் கவலையே இல்லை அப்பா' என்றான் மகன். 2025 மே மாதக் கடைசியில் காய்ச்சல், தொண்டை வலி. பரிசோதித்தால் பாசிட்டிவ். மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனாலும் கேட்கிறேன், அந்த 2,500 ஆன்டிபாடியும் என்ன செய்துகொண்டிருந்தன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: ஐயா, 'மூன்று நாளில் சரியாகிவிட்டது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம்.

2,500 என்பது ஆன்டிபாடிகளின் எண்ணிக்கை இல்லை. அது ஒட்டும் திறனின் அலகு. லேபில் பயன்படுத்தும் கிட்டில் ஸ்பைக் புரதத்தில், அதாவது கொரோனா வைரஸின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில், ஒரு துண்டு இருக்கும். உங்கள் ரத்தத்தின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை) அதோடு சேர்த்து, எவ்வளவு ஆன்டிபாடி அதில் போய் ஒட்டுகிறது என்று கருவி அளக்கிறது. '2,500க்கு மேல்' என்று வந்தால், அந்தக் கருவி அளக்கும் எல்லை அதோடு முடிகிறது என்று அர்த்தம். சரி, அந்தத் துண்டு எந்த வைரஸிலிருந்து வந்தது? பெரும்பாலான கிட்டுகளில் 2020 தொடக்கத்தில் வூஹானில் மரபணு படிக்கப்பட்ட முதல் வைரஸ்தான் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு மே மாதம் வந்ததோ அதன் எத்தனையோ தலைமுறை கடந்த வாரிசு. அப்போது இந்தியாவில் சுற்றியவை ஜேஎன்.1 வகையும் அதன் கிளைகளும். என்பி.1.8.1 என்ற புதுக் கிளையை, கொரோனா வைரஸின் மரபணுவைக் கண்காணிக்கும் அரசு ஆய்வகக் கூட்டமைப்பான இன்சாகாக், 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றில் கண்டறிந்தது. ஆக, மார்ச்சில் நீங்கள் எழுதிய பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு. ஸ்பைக்கின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியும் உங்கள் அறிக்கையில் கணக்காகிவிடும். ஆனால் வைரஸ் செல்லுக்குள் நுழைவதை அது நிறுத்தாமல் போகலாம். நுழைவதை நிறுத்துகிறதா என்று நேரில் பார்க்கும் சோதனைக்கு நியூட்ரலைசேஷன் என்று பெயர். தட்டம்மைக்கு நாங்கள் அதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைப்போம். ஆன்டிபாடி அல்லாத வேறு சில புரதங்களும் வைரஸைத் தாக்கும், அவை இந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். பிறகு சீரத்தை 10 மடங்கு, 20, 40, 80, 160 என்று இரட்டித்துக்கொண்டே நீர்த்துப்போகச் செய்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உயிருள்ள வைரஸைக் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுவோம். அடியில் ஒற்றை அடுக்காகச் செல்கள் வளர்ந்திருக்கும் தட்டில் அந்தக் கலவையை ஊற்றி, வைரஸ் கண்டபடி நீந்திப் பரவாமல் இருக்க மேலே கூழ் போன்ற ஒன்றால் மூடுவோம். சில நாள் கழித்து கிறிஸ்டல் வயலட் சாயம் விட்டுக் கழுவினால், உயிரோடிருக்கும் செல்கள் அடர்ந்த ஊதாவாகத் தெரியும். வைரஸ் புகுந்து கொன்ற இடங்கள் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து, பேனாவால் ஒவ்வொரு வட்டத்துக்கும் புள்ளி வைத்து எண்ண வேண்டும். சீரம் கலக்காத தட்டில் உள்ளதில் பாதி வட்டங்கள் எந்த நீர்ப்பில் வருகின்றனவோ, அதுதான் அந்த மனிதரின் தடுக்கும் அளவு.

தட்டம்மையில் இந்த வேலை அலுப்பாக இருக்கும், ஆனால் அதிர்ச்சி இருக்காது. இந்தியாவில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியின் மூதாதை வைரஸ் 1954இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கொண்டு உண்டாகும் ஆன்டிபாடி இன்றைக்குச் சுற்றும் தட்டம்மை வைரஸையும் தடுக்கிறது. கொரோனா அப்படி நடந்துகொள்ளவில்லை. 2021 நவம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரான் என்ற புதுத் திரிபை உலகுக்கு அறிவித்தார்கள். சில நாட்களுக்குள் அந்நாட்டின் டர்பன் நகரில் அலெக்ஸ் சிகல் குழுவினர் உயிருள்ள ஒமைக்ரானை வளர்த்து, ஃபைசர் தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். டிசம்பர் 7ஆம் தேதி வெளியிட்ட முதல் கணக்கில், தடுக்கும் அளவு 41 மடங்கு குறைந்திருந்தது. மாதிரிகள் கூடிய பிறகு அது 22 மடங்கு என்று திருத்தப்பட்டது. 22 மடங்கு என்றால் என்ன? பழைய வைரஸை 640 மடங்கு நீர்த்த பிறகும் பாதியாகக் குறைத்த சீரம், ஒமைக்ரானுக்கு எதிரே 29 மடங்கிலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. ரத்தம் அதே ரத்தம். அதில் உள்ள ஆன்டிபாடியின் அளவும் அப்படியே இருக்கிறது. அவற்றில் புது வைரஸைப் பிடிக்கத் தெரிந்தவை குறைவு.

இனி உங்கள் மூன்று நாளுக்கு வருவோம். சிட்னியின் கிர்பி ஆய்வு நிறுவனத்தார் 2021இலேயே பல தடுப்பூசிகளின் ஆய்வு முடிவுகளை ஒன்றாக வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். தொற்றிலிருந்து மீண்டவர்களின் சராசரித் தடுப்பளவை 100 என்று வைத்துக்கொண்டால், அறிகுறியுள்ள தொற்றிலிருந்து பாதிப் பாதுகாப்பு கிடைக்க சுமார் 20 வேண்டியிருந்தது. கடுமையான நோயிலிருந்து பாதிப் பாதுகாப்புக்கு 3 போதும். புதுத் திரிபு உங்கள் அளவை 20க்குக் கீழே இறக்கும்போது காய்ச்சல் வரும் வாய்ப்பு கூடுகிறது, 3க்குக் கீழே இறக்குவது அதற்குக் கடினம். அதோடு, ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி நுரையீரலின் ஆழத்துக்குப் போதுமான அளவு கசிந்து போகும். மூக்கின் ஈரப்பரப்புக்குக் குறைவாகத்தான் போகும். அதனால் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் இடம் பிடித்தது, கீழே இறங்கும்போது மாட்டிக்கொண்டது. வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்கள் வேறு இருக்கின்றன. அவை ஸ்பைக்கை வெளி உருவம் பார்த்து அறிவதில்லை, சிறு சிறு துண்டுகளாகத்தான் அறிகின்றன. ஒமைக்ரான் வந்தபோது கேப் டவுனில் பார்த்தார்கள். ஸ்பைக்குக்கு எதிரான டி செல் செயல்பாட்டில் 70 முதல் 80 சதவீதம் அப்படியே இருந்தது. உங்கள் லேப் அறிக்கையில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

ஆகையால், அடுத்த பரிசோதனையில் கொரோனா ஆன்டிபாடிக்குக் காசு கட்டாதீர்கள். இந்தப் பரிசோதனையைப் 'பாதுகாப்புச் சான்று' மாதிரி தொகுப்பில் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எண் பெரிதாக வந்தவர் அசட்டையாகிறார், சிறிதாக வந்தவர் தூக்கத்தைத் தொலைக்கிறார். அந்தப் பணத்தில் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: திரிபு என்றால் வைரஸில் எது மாறுகிறது? ஒன்றிரண்டு எழுத்து மாறினாலே ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா?
— பிளஸ் டூ மாணவி, நாமக்கல்

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் மகளே. உன் உயிரியல் புத்தகத்தையும் வேதியியல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

ஸ்பைக் புரதம் 1,273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் ஏறக்குறைய 319 முதல் 541 வரையிலான பகுதிதான் நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. தடுக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை குறிவைப்பதும் இந்தச் சிறிய பகுதியைத்தான்.

484ஆம் இடத்தை எடுத்துக்கொள். முதல் வைரஸில் அங்கே குளுட்டாமிக் அமிலம் இருந்தது. அதற்கு எதிர்மின்னூட்டம். பலருடைய ஆன்டிபாடிகள் தங்கள் நேர்மின்னூட்டமுள்ள பகுதியால் அந்த இடத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. தென்னாப்பிரிக்காவில் தோன்றிய பீட்டா திரிபில் அதே இடத்துக்கு லைசின் வந்தது, அதற்கு நேர்மின்னூட்டம். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியது, ஆனால் அங்கே பிடித்துக்கொண்டிருந்த ஆன்டிபாடிகள் பிடி நழுவிப் போயின. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சென்னைக்காரர் ஆனாலும் சிகாகோக்காரர் ஆனாலும், இந்த வைரஸுக்கு எதிராக நம் உடல்கள் ஒரே மரபணுக் குடும்பத்திலிருந்து ஏறத்தாழ ஒரே மாதிரி ஆன்டிபாடிகளை உண்டாக்கும் போக்கு உண்டு. அதனால் ஓரிடத்தில் மாறினாலே வைரஸுக்குக் கோடிக்கணக்கானவர்களிடம் வழி கிடைத்துவிடுகிறது.

வைரஸுக்கும் கைக்கட்டு உண்டு. ஆன்டிபாடியிடமிருந்து தப்பினால் மட்டும் போதாது, ஏசிஇ2வைப் பிடிக்கவும் வேண்டும். 486ஆம் இடம் அதற்கு அருமையான உதாரணம். அங்கே இருந்த ஃபினைல்அலனின், பிஏ.5 என்ற ஒமைக்ரான் கிளையில் வாலினாக மாறியது. ஆன்டிபாடியிடமிருந்து தப்பியது, ஏசிஇ2 மீதான பிடி கொஞ்சம் தளர்ந்தது. எக்ஸ்பிபி என்ற இன்னொரு கிளையில் செரினானது, இன்னும் தளர்ந்தது. எக்ஸ்பிபி.1.5இல் புரோலினாக மாறியபோது பிடி திரும்ப இறுகியது, ஆன்டிபாடியிடமிருந்தும் தப்பியது. 2023 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் வேகமாகப் பரவியதன் ரகசியம் இதுதான். ஜேஎன்.1 செய்ததும் இதே போலத்தான்: பிஏ.2.86 என்ற மூதாதையின் ஸ்பைக்கில் 455ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம், லூசின் போய் செரின் வந்தது.

ஒமைக்ரான் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்தன, அவற்றில் 15 இந்தப் பிடிக்கும் பகுதியில். டர்பனில் 22 மடங்கு சரிந்ததற்குக் காரணம் உனக்கு இப்போது புரியும். சரிவு 22 மடங்கோடு நின்றதற்கும் காரணம் உண்டு. எல்லா ஆன்டிபாடியும் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை.

கேள்வி: எனக்குக் கோவிஷீல்டு, கணவருக்குக் கோவாக்சின். புதுத் திரிபுகளுக்கு எது தாங்கும்?
— வாசகி, சேலம்

பதில்: ரத்தத்தில் உண்டான தடுப்பு ஆன்டிபாடி அளவு பொதுவாகக் கோவிஷீல்டில் கூடுதலாக இருந்தது. கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்க வைத்துத் தயாரித்தது. அதனால் ஸ்பைக் தவிர மற்றப் புரதங்களையும் உடலுக்குக் காட்டுகிறது. 2022 தொடக்கத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கோவாக்சின் இரண்டு டோஸுக்குப் பின் கோவிஷீல்டு பூஸ்டர் வாங்கியவர்களுக்கு ஆன்டிபாடி நன்றாக உயர்ந்தது.

ஆனால் சகோதரி, இன்றைக்கு இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனையில், அதாவது 2021 ஜூன், ஜூலையிலேயே, 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. பெரும்பாலானவர்கள் அப்போது முழுத் தடுப்பூசி போடாதவர்கள். அதற்குப் பிறகு ஒமைக்ரான் அலையும் வந்து போய்விட்டது. நீங்களும் கணவரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு முறையாவது தொற்றைக் கண்டிருப்பீர்கள். தடுப்பூசியும் தொற்றும் சேர்ந்து உண்டாக்கும் ஆன்டிபாடிகள், இரண்டில் ஒன்று மட்டும் உண்டாக்குபவற்றைவிடப் பலதரப்பட்ட திரிபுகளைப் பிடிக்கின்றன. எந்த ஊசியில் தொடங்கினோம் என்பது அதில் மங்கிப்போகிறது.

ஒரு சின்னக் குறிப்பு. 'எனக்குத் தொற்று வந்ததா?' என்று அறிய நியூக்ளியோகேப்சிட் என்ற வேறு புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பார்ப்பார்கள். ஸ்பைக்கை மட்டும் கொண்ட கோவிஷீல்டு போட்ட உங்களுக்கு அது பொருந்தும். முழு வைரஸ் தடுப்பூசி போட்ட உங்கள் கணவருக்கு, ஊசியாலேயே அது பாசிட்டிவ் காட்டலாம்.

கேள்வி: பூஸ்டர் போட்டபோது அக்குளில் நெறி கட்டி ஒரு வாரம் வலித்தது. அதே பழைய மருந்தைத்தானே மூன்றாவது முறையும் போட்டார்கள்? மாறிப்போன வைரஸுக்கு அதனால் என்ன பயன்?
— வங்கி ஊழியர், திருச்சி

பதில்: உங்களுக்கு வலித்த அந்த நெறியில்தான் இதற்கான பதில் இருக்கிறது.

ஊசி போட்ட கைப்பக்கத்து அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குள், ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்கள் கூடி, தங்கள் ஆன்டிபாடி மரபணுவைத் தாங்களே சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றன. மாற்றத்தில் பிடி இறுகிய செல் பிழைத்துப் பெருகும், தளர்ந்தது மடியும். திரும்பத் திரும்ப இதே சோதனைதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலி எல்லெபெடி குழுவினர், ஃபைசர் தடுப்பூசி போட்டவர்களின் அக்குள் நெறியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டு 12 வாரமாகியும் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. தொடர்ந்து பார்த்தபோது சிலரிடம் ஆறு மாதம் வரை நீடித்தது. ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் உள்ளே இந்தப் பயிற்சி. அளவு இறங்குவது இயற்கை, ரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடி பாதியாகக் குறைய சுமார் மூன்று வாரம்தான் ஆகும். 'ஆன்டிபாடி குறைந்துவிட்டது' என்று செய்தி வந்த போதெல்லாம், அவற்றின் தரம் உயர்ந்துகொண்டிருந்ததை யாரும் பெரிதாகச் சொல்லவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இப்படித் தேறிய நினைவு பி செல்களில் சில, வைரஸ் எளிதில் மாற்ற முடியாத இடங்களைப் பிடிப்பவை. மூன்றாவது டோஸ் அவற்றைத் தட்டி எழுப்பியது. அதனால்தான், பழைய வைரஸை மட்டுமே கொண்ட ஊசியாக இருந்தும், மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒமைக்ரானைத் தடுக்கும் அளவு பல மடங்கு ஏறியது. ஒமைக்ரானைப் பார்க்காமலேயே அதைத் தடுக்கும் ஆன்டிபாடி! எனக்கு இது இப்போதும் வியப்புதான்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. முதலில் பார்த்த வைரஸின் சாயல் நம் எதிர்ப்புச் சக்தியில் அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது. பிறகு புதுத் திரிபைக் காட்டினாலும், பழைய நினைவுச் செல்களே முந்திக்கொண்டு எழுகின்றன. ஃப்ளூவில் இதைக் கண்டு தாமஸ் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960இலேயே எழுதியிருக்கிறார். 2022இல் பழைய வைரஸையும் ஒமைக்ரானையும் பாதிக்குப் பாதி சேர்த்து இரட்டைத் தடுப்பூசி கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் டேவிட் ஹோ குழுவும் பாஸ்டனில் டான் பரூச் குழுவும் தனித்தனியே சோதித்தார்கள். பழைய பூஸ்டரைவிட அதில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. பாதி பழையது இருக்கும்வரை உடல் பழையதையே நாடுகிறது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, முதல் வைரஸை விட்டுவிட்டு எக்ஸ்பிபி வகையை மட்டும் வைத்துத் தயாரிக்கும்படி பரிந்துரைத்தது. அது பலன் தந்தது. நம் நாட்டிலும் 2023 ஜூனில் புனேயில் ஒமைக்ரானை அடிப்படையாகக் கொண்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசி (ஸ்பைக்கை நம் செல்களே தயாரிக்கும்படி குறிப்பு கொடுக்கும் வகை) வந்தது. ஊசி இல்லாத கருவியால் தோலுக்குள் செலுத்துவது அது. நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கேள்வியாவது பட்டிருக்கிறோம்?

முதல் பதிவு எப்போதும் தடையாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. 2003இல் சார்ஸ் நோய் வந்து பிழைத்த எட்டுப் பேருக்கு, சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழுவினர் ஃபைசர் தடுப்பூசிக்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் ஒரு வைரஸ், பல ஆண்டுகள் கழித்துத் தூரத்து உறவான இன்னொரு வைரஸின் ஸ்பைக். இரண்டுக்கும் பொதுவான இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் அவர்களிடம் பெருகியிருந்தன. அப்போது இருந்த கொரோனாத் திரிபுகளோடு, வௌவாலிலும் எறும்புத்தின்னியிலும் உள்ள உறவு வைரஸ்களையும் அவை தடுத்தன. எல்லாத் திரிபுக்கும் ஒரே தடுப்பூசி என்று தேடுகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு இந்த எட்டுப் பேரின் ரத்தமும் ஒரு காரணம்.

கேள்வி: தடுப்பூசியின் ஆன்டிபாடிகளால்தான் வைரஸ் உருமாறியது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
— வாசகர், திண்டிவனம்

பதில்: தேதிகளைப் பாருங்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா நான்கும் முதலில் எடுக்கப்பட்ட மாதிரிகள் 2020ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. டெல்டா மகாராஷ்டிரத்தில் தலைகாட்டிய பிறகுதான் நம் நாட்டில் 2021 ஜனவரி 16ஆம் தேதி முதல் ஊசியே போடப்பட்டது. தடுப்பூசியோ தொற்றோ, எதிர்ப்புச் சக்தி பரவலானபின் அதிலிருந்து தப்பும் திரிபுக்கு அனுகூலம் உண்டு என்பது உண்மை. ஆனால் மாற்றங்களைக் குவிக்க வைரஸுக்கு வேண்டியது பெருகுவதற்கு நேரமும் இடமும். எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கியதிலிருந்து ஒமைக்ரான் வந்திருக்கலாம் என்பதே விஞ்ஞானிகள் பலர் ஏற்கும் ஊகம். அடுத்த கடிதம் அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியதுதான்.

கேள்வி: என் மனைவிக்கு 2019இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோபீனலேட் மாத்திரைகள் தினமும். மூன்று டோஸ் தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி 'நெகட்டிவ்' என்றே வந்தது. புதுத் திரிபு என்று செய்தி வந்தாலே வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. 'இனி ஊசி போட்டுப் பயனில்லை' என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?
— வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, மற்றவர்களிடம் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்றேன். உங்கள் மனைவி போன்றவர்களிடம் மட்டும் அந்த 'நெகட்டிவ்' ஒரு தகவல் தருகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள், ஆன்டிபாடி உண்டாக்கும் செல்களையும் அடக்குகின்றன, குறிப்பாக மைக்கோபீனலேட். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2021இல் பார்த்தபோது, உறுப்பு மாற்றுச் செய்துகொண்டவர்களில் எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் முதல் டோஸுக்குப் பிறகு 17 சதவீதம் பேருக்கும், இரண்டாவதுக்குப் பிறகு 54 சதவீதம் பேருக்கும் மட்டுமே ஆன்டிபாடி வந்தது. உங்கள் மனைவி தனியே இல்லை. அவர் எந்தத் தவறும் செய்யவுமில்லை. இதற்காக மைக்கோபீனலேட்டை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும்.

ஊசி பயனில்லை என்பது சரியில்லை. ஆன்டிபாடி வராதவர்களில் ஒரு பகுதியினருக்கு டி செல்கள் தயாராகியிருக்கும், அவற்றைத் திரிபுகள் எளிதில் ஏமாற்றுவதில்லை. கூடுதல் டோஸில் முதல் முறையாக ஆன்டிபாடி வந்தவர்களும் உண்டு. அடுத்த டோஸ் எப்போது, எது என்று அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நீங்கள் எல்லோரும் இருமல், காய்ச்சல் வந்தால் அவருக்கு முன்னால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் இல்லாத ஆன்டிபாடிக்கு ஈடாக வீட்டில் செய்யக்கூடியது இது.

சொந்தமாக ஆன்டிபாடி வராதவருக்கு வெளியிலிருந்து தயாரித்த ஆன்டிபாடியை ஏற்றலாமே என்று கேட்பீர்கள். அதைச் செய்தார்கள். 2021 மே மாதம் இந்தியாவுக்கு வந்த இரட்டை ஆன்டிபாடி 'காக்டெயில்' ஒரு டோஸ் 59,750 ரூபாய். டெல்டாவுக்கு நன்றாக வேலை செய்தது. ஒமைக்ரான் வந்ததும், 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கென்றே முன்கூட்டிப் போட வந்த இன்னொரு இரட்டை ஆன்டிபாடிக்கும் 2023 ஜனவரியில் அங்கே அதே கதி. ஓரிடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் திரிபு எவ்வளவு சுலபமாகக் கடந்து போகும் என்பதை இங்கே பார்க்கலாம். நம் உடல் உண்டாக்குவது நூற்றுக்கணக்கான வகை, அதனால்தான் நமக்குத் தாக்குப்பிடிக்கிறது. இந்த நோயாளிகளுக்கோ ஒவ்வொரு முறையும் மருந்து கையை விட்டுப் போகிறது. அலை ஓய்ந்தது என்று ஊர் மொத்தமும் நிம்மதியாக இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் அந்த நிம்மதி இன்னும் வரவில்லை. இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எனவே உங்கள் கையில் இருப்பது வேகம். மனைவிக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே பரிசோதியுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்துகள் ஸ்பைக்கைப் பார்ப்பதில்லை, வைரஸின் உள் இயந்திரத்தைத்தான் பிடிக்கின்றன. அதனால் ஸ்பைக் எவ்வளவு மாறினாலும் அவை பெரும்பாலும் வேலை செய்கின்றன. அவற்றில் நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் அதில் உள்ள ரிட்டோனாவிர், டாக்ரோலிமஸ் உடலில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும். சிறுநீரக மருத்துவர் டாக்ரோலிமஸை நிறுத்தியோ குறைத்தோ, அளவைப் பரிசோதித்துக்கொண்டேதான் அதைக் கொடுக்க முடியும். பலர் அதற்குப் பதிலாக மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆபத்து கூடிய, தடுப்பூசி போடாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலேயே கொடுத்த இந்த மூன்று நாள் ஊசி மருத்துவமனையில் சேரும் நிலையை 87 சதவீதம் குறைத்தது.

இந்த முடிவை எடுக்க, பார்க்கும் மருத்துவருக்கு டாக்ரோலிமஸ் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரவில் காய்ச்சலோடு போகும் ஆஸ்பத்திரியில் உங்கள் வழக்கமான மருத்துவர் இருக்கமாட்டார். மனைவியின் மாத்திரைப் பெயர்களையும் அளவையும், சிறுநீரக மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவருடைய கைப்பையில் இன்றைக்கே வைத்துவிடுங்கள். புது மருந்து எதையும் எழுதுவதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள்.